அமாவாசைப் பாடு

கோட்டைக்குப்பத்தில் கஸ்தூரியைப் பற்றி யார் கேட்டாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். தலையாரி பொன்னுரங்கம் பேசினால் ஊரே அடங்கும் என்று நான் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த காலத்தில், கூட்டத்தில் வைத்து என் வாயை அடைத்தவள் அவள். அதனால் அனுப்புகிறார்கள், பாவிகள்.

எழுபத்தெட்டாம் வருஷம். சகாதேவனைக் கட்டி மூன்று வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆவணி பிறந்ததும் மகனுக்கு இரண்டாம் கல்யாணம் என்று மாமியார் காசியம்மாள் பெண்ணே பார்த்துவிட்டாள். தலைக்குக் குளித்த மறுநாள்தான் கரு பிடிக்கும் என்பது காசியம்மாளின் கணக்கு. எங்கள் எல்லோருக்கும் அதே கணக்குதான். அந்த நாளில் மகனை வாசல் தாண்ட விடமாட்டாள்.

கஸ்தூரி அதெல்லாம் இல்லை என்றாள். தலைக்குக் குளித்துப் பத்து நாள் போனபிறகுதான் உடம்பு மாறுகிறது, முட்டை வெள்ளைக்கரு போல வழவழவென்று படுகிறது, அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்கிறது, புருஷன் நினைப்பும் அப்போதுதான் வருகிறது என்று மாமியார் முகத்துக்கு நேரே சொன்னாள். வெட்கங்கெட்டவள் என்று காசியம்மாள் தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

தொல்லை என்னவென்றால், அந்த நாட்கள் பெரும்பாலும் அமாவாசையை ஒட்டியே வந்தன. அமாவாசைக்கு இறால் ஓடும். ஏரியில் யார் எப்போது வலை கட்டலாம் என்ற முறையைப் பாடு என்போம்; அதைப் பிரித்துக் கொடுப்பது தலையாரியான என் வேலை. சகாதேவன் வீட்டுக்கு அவன் நைனா காலத்திலிருந்தே அமாவாசைப் பாடு. அந்த ஆறு நாளும் மணல்திட்டிலேயே கிடப்பான்.

வைகாசியில் ஊர்க்கூட்டம். ஆம்பளைகள் மட்டும் உட்காரும் இடத்துக்கு நேரே வந்து நின்றாள். சகாதேவனின் பாட்டைத் தசரதனின் பௌர்ணமிப் பாட்டோடு மாற்றித் தரவேண்டும் என்றாள். வீட்டில் சாவு விழுந்தால் தவிர பாடு மாறாது என்றேன்.

"சாவுக்கு மாத்துவீங்க மாமா, பொறப்புக்கு மாத்த மாட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன். டாக்டருக்கே தெரியாத நாள் பொம்பளை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் காலடியில் நண்டுக்கூடை இருந்தது. அதைக் காட்டினாள்.

"நண்டைத் திருப்பிப் பாத்து இது சினை, இது சினை இல்லேன்னு சொல்றீங்க இல்ல? என் வவுறு எனக்குத் தெரியாதா?"

கூடையைக் காலால் பின்னே தள்ளினேன். தசரதன் மட்டும், தனக்கு ஆட்சேபணை இல்லை என்றான். அமாவாசை இறால் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்? அந்த மாதத்துக்கு மட்டும் பாட்டை மாற்றிக் கொடுத்தேன்.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஊர் கைகொட்டியது. எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஆனியில் மறுபடி வந்து நின்று அந்த மாதப் பாட்டையும் மாற்றிக்கொண்டு போனாள். ஆடி முடிவதற்குள் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று காசியம்மாளே வந்து சொன்னாள். இரண்டாம் கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

ஐந்து வருஷம் கழித்து என் வீட்டுக்கே அந்தக் கவலை வந்தது. மருமகள் வந்து நாலு வருஷம், வயிறு திறக்கவில்லை. மானத்தை மடித்து வைத்துவிட்டுக் கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். அவள் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். எந்த நாளில் என் மகனை வீட்டில் நிறுத்துவது என்று கேட்டேன்.

அவள் கையை நிறுத்தவில்லை.

"என்னை இன்னாத்துக்கு மாமா கேக்குறீங்க? உங்க மருமவள ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நாலு வருஷமாக எங்கள் வீட்டில் யாருமே அவளைக் கேட்கவில்லை.