ஆயுத பூஜைக்கு அணைத்த பெட்டி

என் கணவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தார்கள். குரல்வளையை எடுத்த பிறகு பேச்சு இருக்காது என்றார் டாக்டர். எங்கள் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. மீதமிருந்த மூன்று வாரத்தில் அவளுக்காகக் கதைகளைப் பதிவு செய்து வைக்க நினைத்தோம்.

போனிலேயே சொல்லலாம் என்றார் அவர். போன் தொலையும், உடையும் என்று நான் ஒப்பவில்லை. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, மைக் செருகி, ராஜா அண்ணாமலைபுரம் வீட்டில் அவர் கட்டிலருகே வைத்தேன். அதற்குத் திரை, கீபோர்டு எதுவும் கிடையாது. என் லேப்டாப்பிலிருந்து வைஃபை வழியாகத்தான் கட்டளை கொடுக்க வேண்டும்.

எந்த இயங்குதளம் போடுவது என்று நான்கு நாள் படித்தேன். எல்லோரும் போடுவது மெமரி கார்டில் ஓயாமல் எழுதும், கார்டு சீக்கிரம் கெடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என்னைப் பயமுறுத்த அது போதும். கரண்ட் இருக்கும்வரை மட்டும் நினைவு வைத்திருக்கும் ரேமிலேயே முழுவதும் ஓடும் சிறியது ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பராமரிப்பே வேண்டாம். சேமிக்கச் சொன்னால் மட்டும் கார்டில் எழுதும்.

"கதைதான் சொல்லப்போறேன், ராக்கெட் விடல," என்றார் அவர். "கொஞ்சம் மூச்சு விடு."

தினமும் அவர் முடித்ததும் சேமிக்கும் கட்டளையை அடித்தேன். சந்தேகம் வந்தால் இன்னொரு முறை. ஒருநாளும் பிழை காட்டவில்லை. மொத்தம் பத்தொன்பது கதைகள்.

அவர் பேச்சில்லாமல் வீடு திரும்பினார். மத்தியானங்களில் மகள் கேட்கும் கதையைப் போடுவேன். அவரும் கேட்டபடி உதட்டை அசைப்பார்.

ஆயுத பூஜை வந்தது. மிக்சி, லேப்டாப் எல்லாம் துடைத்து வைத்தோம்.

"அதையும் கொண்டாம்மா," என்றார் மாமியார், கட்டிலருகே இருந்த பெட்டியைக் காட்டி. "நம்ம வீட்ல இப்ப அதுதானே பெரிய மெஷின். ஒருநாள் ஓய்வா இருக்கட்டும்."

மறக்காமல் இன்னொரு முறை சேமித்துவிட்டுத்தான் முறைப்படி அணைத்தேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். இன்வெர்ட்டர் இருக்கும் வீடு, கரண்ட் போனாலும் பெட்டி நிற்காது. வாங்கியதிலிருந்து அது அணைந்ததே அன்றுதான்.

மறுநாள் காலை போட்டேன். விளக்கு எரிந்தது. கதைகள் இருந்த இடம் காலியாக இருந்தது.

அந்த இயங்குதளத்தின் குறிப்பை மறுபடி படித்தேன். சேமிக்கும் கட்டளை கம்ப்யூட்டரின் செட்டிங்ஸை மட்டும்தான் சேமிக்கும். வேறு கோப்புகள் வேண்டுமென்றால் அவற்றை முதலில் பட்டியலில் சேர்க்க வேண்டும். முன்பே படித்த வரிதான். பிறகு செய்யலாம் என்று விட்டிருக்கிறேன்.

அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் போனை எடுத்து டைப் செய்து நீட்டினார். "கதை எனக்கு ஞாபகம் இருக்கு. டைப் பண்றேன், நீ படி."

அடையாறு டிப்போவுக்குப் போக மறுத்துக் கடலுக்குப் போன பஸ்ஸின் கதை. மகளை மடியில் வைத்துப் படித்தேன்.

"அப்படி இல்லம்மா," என்றாள். "பஸ் குண்டா பேசும்."

குரலைத் தாழ்த்தினேன்.

"இன்னும் குண்டா."

முயன்றேன். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்து, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று கையைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதற்குக் கீழே குரல் இல்லை.