எல்டன் ஹ்ரூஷ்காவின் வாசலில் மஞ்சள் கொடிகள்

எங்கள் நெப்ராஸ்காவில் கடல் கிடையாது, மலை கிடையாது, சம்பளத்துக்கு விளையாடும் பெரிய அணி ஒன்றும் கிடையாது. சனிக்கிழமைகள் உண்டு. இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகப் பையன்கள் முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். மாநிலம் முழுக்க சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடும். அப்படி ஓடியவர்களில் என் பக்கத்து நிலத்துக்காரர் எல்டன் ஹ்ரூஷ்காவை மிஞ்சியவர் இல்லை.

கல்லூரிப் படியை அவர் மிதித்ததே இல்லை. ஆனால் "நம்ம டீம்" என்பார். கடையில் வெள்ளை பிக்கப் வண்டிதான் இருந்தது என்பதற்காக அதையே வாங்கி, வீட்டுக்குக்கூட வராமல் நேராகப் பெயிண்ட் அடிப்பவரிடம் கொண்டுபோனவர். சோளக்கதிர் முற்றினால் எந்தச் சிவப்பு வருமோ அந்தச் சிவப்பு வேண்டும் என்றாராம். பெயிண்ட்காரர், "சோளம் எங்கய்யா சிவப்பா இருக்கு?" என்று கேட்டதற்கு, "நெப்ராஸ்காக்காரனா நீ?" என்று சண்டைக்குப் போய்விட்டார். வண்டியின் பின்புறத்தில் ஒரு கம்பம், அதில் கொடி. லிங்கனில் வண்டியை நிறுத்தி, பின்கதவை இறக்கிவிட்டு, எங்கிருந்தோ வந்த ஆட்களுக்கெல்லாம் கறி அடைத்த சாஸேஜ் சுட்டுக் கொடுப்பார். எதிரணியை ஆதரிக்க வந்தவர்களுக்கும் உண்டு, ஒரு மாநிலத்தாரைத் தவிர.

அந்த மாநிலம் மிசோரி ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அயோவா. விதியைப் பாருங்கள், அவர் மனைவி மார்லிஸ் அங்கிருந்துதான் வந்தாள். ஒமாஹா மாட்டுச் சந்தையில் பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். வரும்போதே தன் பிக்கப்போடு வந்தாள். அதன் கண்ணாடியில் கருப்பும் மஞ்சளுமாக ஸ்டிக்கர்.

"உன்னைத்தான் கட்டிக்கிட்டேன், உன் டீமை இல்ல" என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள்.

மனைவியிடம் அவர் பருப்பு வேகவில்லை. அந்தக் கோபமெல்லாம் மச்சான் வெர்லின் மேல் திரும்பியது. மஞ்சள் கொடி கட்டிய எந்த வண்டியும் தன் கேட்டுக்குள் வரக்கூடாது என்று எல்டன் ஒரு சட்டம் போட்டார். கேட்டிலிருந்து வீடு நல்ல தூரம். வருடா வருடம் நவம்பர் கடைசியில், வியாழக்கிழமை வரும் நன்றி கூறும் நாளன்று வெர்லின் தபால் பெட்டி ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, 'பூசணிப் பை' என்கிற இனிப்புப் பண்டத்தைத் தட்டோடு கையில் ஏந்திக்கொண்டு பனியில் நடந்து வருவார். கொடியைக் கழற்றினால் உள்ளே ஓட்டி வரலாம். கழற்ற மாட்டார். எல்டனும் விட்டுக்கொடுக்க மாட்டார். சாப்பாட்டு மேஜையில் இருவரும் அடுத்த நாள் ஆட்டத்தைப் பற்றிக் கத்திக்கொள்வதை நான் என் வீட்டிலிருந்தே கேட்டிருக்கிறேன். நெப்ராஸ்காவும் அயோவாவும் மோதுவது அந்த வெள்ளிக்கிழமைதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலம் எங்களை வதைத்தது. அக்டோபர் முழுக்க நிலம் சேறு. அறுப்பு மிஷினை இறக்கினால் அச்சு வரை புதைந்தது. கொஞ்சம் காய்ந்த ஒரு நாளில் எல்டன் அவசரமாக இறங்கினார். பாதி வரிசையில் மிஷின் நின்றது. என்ன என்று நான் போய்ப் பார்த்தபோது அவர் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்திருந்தார்.

"ரோண்டா, நெஞ்சுல யாரோ உக்காந்திருக்கான்" என்றார்.

ஒமாஹாவில் நெஞ்சைத் திறந்து வைத்தியம் செய்தார்கள். பிழைத்து வந்தார். வீட்டுக்கு வாங்கும் சின்னப் பால் கேனைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இருமும்போது தையல் வலிக்காமலிருக்க அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணையும் கொடுத்தார்கள். ஜன்னலோரம் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, நிற்கும் சோளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காற்றடித்தபோதெல்லாம் தட்டைகள் முறிந்து கதிர்கள் மண்ணில் விழுந்தன. எங்களுக்கெல்லாம் எங்கள் அறுப்பே முடியவில்லை. மனது இருந்தது, ஆள் இல்லை.

நவம்பர் கடைசியில் உறைபனி விழுந்து நிலம் கெட்டிப்பட்டது. மார்லிஸ் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"வெள்ளிக்கிழமை வர்றோம்" என்றார் வெர்லின்.

"அன்னிக்கு மேட்ச் இருக்கே அண்ணா?"

"தெரியாதா எனக்கு? டிக்கெட்டை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு. அவன்கிட்ட சொல்லாத, எதையாவது சொல்லித் தடுப்பான்."

வெள்ளிக்கிழமை காலை சரளைச் சாலையில் புழுதி எழுந்தது. வரிசையாகப் பிக்கப் வண்டிகள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் கொடி. நடுவில் நீண்ட டிரெய்லர்களில் அறுப்பு மிஷின்கள். எல்லாம் கேட்டுக்கு வெளியே வந்து வரிசையாக நின்றன. ஒருவரும் உள்ளே வரவில்லை.

எல்டன் குளியல் அங்கியின் மேல் கோட்டைப் போட்டு, தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு, மார்லிஸின் கையைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்தார். உதவிக்கு வந்திருந்த நானும் பின்னால் போனேன்.

"ஏன்யா வெளியிலயே நிக்கறீங்க?"

"உன் சட்டம் மச்சான்" என்றார் வெர்லின்.

"அறுப்பு மிஷினையும் பூசணிப் பை மாதிரி கையில ஏந்திட்டு வருவியோ?"

கூட்டம் சிரித்தது. வெர்லின் தன் வண்டியில் ஏறிக் கொடியைக் கழற்றப் போனார்.

"விடுய்யா," என்றார் எல்டன். "அது இல்லாம உன்னைப் பார்க்கச் சகிக்கல. அப்படியே உள்ள வாங்க."

அன்று முழுவதும் அந்த நிலத்தில் நான் தானிய லாரி ஓட்டினேன். எல்லா வண்டியிலும் ரேடியோவில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் மார்லிஸ் பெரிய பானையில் சில்லியும் தட்டு நிறையப் பட்டை ரோலும் கொண்டுவந்தாள். காரமான பீன்ஸ் கறியில் இனிப்பு ரொட்டியைத் தோய்த்துத் தின்பதில் மட்டும் ஆற்றின் இரு கரைக்கும் சண்டை கிடையாது. தின்றுவிட்டு மறுபடி ஏறினார்கள்.

கடைசி நிமிடத்தில் அயோவாப் பையன் ஒருவன் நெடுந்தொலைவிலிருந்து உதைத்த பந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே போயிற்று. நாங்கள் தோற்றோம். ரேடியோவில் ஜனம் அலறியது. நிலத்திலோ, ஜெயித்தவர்கள் வழக்கமாக அடிக்கும் ஹாரன்கூட இல்லை. மிஷின்கள் ஒன்றும் நடக்காதது போல உருண்டுகொண்டிருந்தன. அவர்கள் காரணத்தோடுதான் பேசாமலிருந்தார்கள், எனக்குப் புரிந்தது.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து நீளமாக ஹாரன் ஒலித்தது. சிவப்பு வண்டியின் ஹாரன். விட்டு விட்டு அல்ல, அழுத்திப் பிடித்த ஹாரன். வெர்லின் மிஷினிலிருந்து குதித்து ஓடினார். நானும் லாரியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"என்னாச்சு? வலிக்குதா? மார்லிஸ், ஆம்புலன்ஸ்!"

எல்டன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். "நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. ஜெயிச்சது நீங்க. ஒருத்தனும் ஏன்டா ஹாரன் அடிக்கல? இது என்ன சாவு வீடா?"

வெர்லின் அவரையே பார்த்தார். "நீ படுத்திருக்கேன்னு..."

"படுத்திருந்தா? தோத்தவன் வீட்டு முன்னாடி அடிக்கிறதுலதானே ருசியே. போய் அடிங்க. சோளமெல்லாம் அறுத்துக் கொடுத்தவங்களுக்கு இதைக்கூட நான் செய்யக் கூடாதா?"

அடித்தார்கள் பாருங்கள். கேட்டிலிருந்து களஞ்சியம் வரை நின்ற வண்டிகள் எல்லாம் கூவின. மார்லிஸ் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வெளிச்சம் போவதற்குள் கடைசி வரிசையும் விழுந்தது.

அன்று அவரால் நன்றி என்ற சொல்லை முழுதாகச் சொல்ல முடியவில்லை. வசந்தத்தில் உடம்பு தேறியதும் தன் வண்டியில், தன் கொடியோடு, ஆற்றைக் கடந்து ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனார். தானே புகையூட்டிய சாஸேஜ் ஒரு சுருள், காப்பி குடிக்கும் நேரம், அவ்வளவுதான். வழிநெடுக வண்டிகள் அவரைப் பார்த்து ஹாரன் அடித்ததையும் சிலர் கட்டைவிரலைக் கீழே காட்டியதையும் பெருமையாகச் சொன்னார்.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனைவியை இழந்து தனியாக இருக்கும் ஒருவர், பெயர் ஹார்லன். அன்று தன் மிஷினோடு வந்தவர். எல்டனை அதற்கு முன் பார்த்ததேயில்லை.

"என்னை உனக்குத் தெரியாது. மேட்ச் அன்னிக்கு ஏன்யா வந்தே?" என்று எல்டன் கேட்டாராம்.

"வெர்லின் கூப்பிட்டான். ஒருத்தன் சோளம் இன்னும் நிக்குதுன்னான்."

"வேற எதுவும் கேக்கலியா?"

"நெப்ராஸ்காக்காரன்னு மட்டும் சொல்லல, திருட்டுப்பய" என்றாராம் ஹார்லன், இன்னொரு கோப்பை காப்பி ஊற்றிக்கொண்டே.