அப்பாவின் முகம் சரிபார்க்கப்பட்டது

காலையில் எழுந்ததும் தக்காளித் தோட்டத்துக்கு மோட்டார் போடுவதுதான் அப்பாவின் முதல் வேலையாக இருந்தது. கடைசி சில வருடங்களில் அதற்கும் முன்னால் இன்னொரு வேலை வந்து சேர்ந்துகொண்டது. தலைமாட்டில் கிடக்கும் போனை எடுத்து, ஒரு செயலியைத் திறந்து, அதிலிருக்கும் வட்டப் பொத்தானை அழுத்துவார். அழுத்தினால் அன்றைக்கான காயின் சேர ஆரம்பிக்கும். மறுநாள் திரும்பவும் அழுத்த வேண்டும். மறந்தால் அந்த நாள் போனது போனதுதான்.

ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் என் தம்பி ஒரு பொங்கல் லீவில் வந்தபோது அதைப் போட்டுக் கொடுத்தான். "காசு ஒண்ணும் கட்டத் தேவையில்லப்பா. தெனமும் அமுக்கிட்டே இரு. பின்னால பிட்காயின் மாதிரி வெலை ஏறும்" என்றான். ஓசூர் பஸ் ஏறியதும் அவன் அதை மறந்துவிட்டான். அப்பா மறக்கவில்லை. காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்த நாட்களில்கூட அம்மாவிடம் போனைக் கேட்டு வாங்கி அழுத்திவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

எங்கள் வீடு மாரண்டஹள்ளியிலிருந்து கொஞ்சம் உள்ளே போக வேண்டும். நான் கல்யாணமாகி தர்மபுரியில் இருக்கிறேன். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரம் அப்பாவுக்குத் தெரியும். சரியாக அப்போது கூப்பிடுவார்.

"பாப்பா, ஒரு டவுட்டு. இந்தக் காயினு போனுக்குள்ள இருக்குதா, வெளிய இருக்குதா?"

"வெளியதாம்ப்பா. எங்கயோ கம்ப்யூட்டர்ல கணக்கா இருக்கும்."

"அப்ப போனு கெணத்துல வுழுந்துட்டா?"

"காயினுக்கு ஒண்ணும் ஆவாது."

"ஒலகம் பூரா கரண்டு போயிட்டா?"

"அப்ப காயின் இல்லாததா பெரிய கவலை?" என்பேன். சிரிப்பார். பின்னால் யாரிடமோ, "நான் சொன்னன்ல, தண்ணில வுழுந்தாலும் போவாதாம்" என்று சொல்வது எனக்குக் கேட்கும்.

அப்போது நான் இணையத்தில் ஒரு தமிழ்க் குழுவில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். அறிவியல், தொழில்நுட்பம், காயின், எல்லாவற்றுக்கும் அங்கே கேள்வி வரும். வாலெட் பாஸ்வேர்டு மறந்துபோச்சு, என்ன செய்வது? நிலாவில் ஆள் இறங்கியது உண்மையா? போனை விடிய விடிய சார்ஜில் போட்டால் பேட்டரி ஊதுமா? டவர் வந்ததால்தான் சிட்டுக்குருவி போச்சா? ஒருவர் கேட்பார், பத்துப் பேர் அடித்துக்கொள்வார்கள். நானும் அடித்துக்கொள்கிறவள்தான். அப்பாவின் கேள்விகளை அவர் பெயர் சொல்லாமல் அங்கே போடுவேன். உலகம் முழுக்க மின்சாரம் போனால் பிட்காயின் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இரண்டு நாள் சண்டை நடந்தது. 'அருமையான கேள்வி' என்று ஒருவர் ஆரம்பித்திருந்ததை அப்பாவுக்கு அனுப்பினேன். அதை டீக்கடையில் எல்லாருக்கும் காட்டியதாக அம்மா சொன்னாள்.

ஆனால் அந்தச் செயலியைப் பற்றி எனக்கு ஒருநாளும் நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது நேராகவே சொன்னேன். "அப்பா, பொத்தான அமுக்கினா ஒண்ணும் உருவாவாது. அவங்களுக்கு வேண்டியது ஆளுங்க. நம்ம போன் நம்பரு, நம்ம பேரு. அவ்வளவுதான்."

அவர் கோபப்படவில்லை. அன்று மண்டியில் தக்காளியை எடுக்க ஆளில்லாமல் பெட்டியோடு ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்திருந்தார். கை கால் கழுவிக்கொண்டே சொன்னார். "இதுல நானு என்னத்த பாப்பா கொட்டறேன்? நாத்து வாங்கறனா, மருந்தடிக்கறனா? விரலாலதான அமுக்கறேன். வந்தா வருது."

நான் துண்டை எடுத்து நீட்டினேன்.

விரல் மட்டும் என்று அவர் சொன்னாலும், தன் வாக்கையும் அதில் போட்டிருந்தார். செயலியில் ஆள் சேர்த்தால் காயின் கொஞ்சம் வேகமாகச் சேரும். டீக்கடைக்காரர், பால் சொசைட்டிக்கு வருகிறவர்கள், பக்கத்துத் தோட்டத்தில் கன்னடம் பேசும் குடும்பம், எல்லாரையும் சேர்த்துவிட்டார். யாராவது அழுத்த மறந்தால் நினைவுபடுத்துவதும் அவர்தான். சாயங்காலம் கடைக்குப் போனால், "அண்ணா, எப்பத்தான் காயின வெளிய வுடுவான்?" என்று கேட்பார்கள். "வந்துரும், வந்துரும்" என்பார். காயின்காரர் என்று ஒரு பெயரும் வந்துவிட்டது. அதில் கேலி இருந்ததா என்பது அவருக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது.

போன வருடம் அந்தச் செயலி, காயினைக் கையில் எடுக்க வேண்டுமானால் முகத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றது. ஆதார் அட்டையைப் படம் பிடித்துப் போட்டபிறகு, முன்பக்கக் கேமராவில் முகத்தைக் காட்டி அது சொல்கிறபடி செய்ய வேண்டும். அப்பா சேர்த்துவிட்டவர்களில் பாதிப் பேருக்கு உடனே முடிந்துவிட்டது. டீக்கடைக்காரருக்கு ஒரே முயற்சியில் பச்சை டிக் விழுந்தது. அப்பாவுக்கு மட்டும் ஆகவில்லை. முயன்று முயன்று பார்த்தார். ஒவ்வொரு முறையும் சிவப்பில் ஏதோ எழுத்து வந்தது.

"என்ன வருதுப்பா?" என்று போனில் கேட்டேன்.

"வெளிச்சம் பத்தலியாட்டம் இருக்குது."

வெளிச்சத்துக்காகத் தோட்டத்தில் வெயிலில் நின்று பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாரண்டஹள்ளி ஸ்டுடியோவில் விளக்கு போட்டு உட்கார்ந்துகூடப் பார்த்தார் என்று பின்னால் தெரிந்தது. நான் வருகிறேன், சேர்ந்து பார்க்கலாம் என்றதற்கு, "வுடு, மெதுவா ஆவும்" என்று பேச்சை மாற்றினார். அதற்குப் பிறகு மத்தியானப் போன்களில் காயின் பேச்சு குறைந்துபோனது. சாப்பிட்டாயா, மழை உண்டா என்பதோடு வைத்துவிடுவார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தவர் வரப்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பாலக்கோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள்.

எடுத்துப் போகும் முன்னால் டீக்கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அழுது முகம் வீங்கியிருந்தது. துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே, "தங்கச்சி, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. மனசு கேக்கல. உங்கப்பா கீழதான நாங்கெல்லாம் சேந்தோம். அவுரு போயிட்டா எங்களுதும் போயிருங்களா?" என்று கேட்டார்.

"போவாதுண்ணா. உங்களுது உங்களுதுதான்."

"அதுக்கில்ல தங்கச்சி. அவுரு சொல்லித்தான் அமுக்கனோம்..." என்று மறுபடி அழ ஆரம்பித்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அப்பா இருந்திருந்தால் அதே கேள்வியை மத்தியானம் என்னிடம் கேட்டிருப்பார்.

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் தம்பி அப்பாவின் போனைத் திறந்தான். செயலியில் ஒரு அறிவிப்பு காத்திருந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் முகத்தைச் சரிபார்க்காவிட்டால் சேர்ந்த காயினெல்லாம் அழிக்கப்படும்.

"அக்கா, எத்தன வருசம் அமுக்குனாரு. அழிய வுட்டர்றதா?" என்றான். அவன் குரலில் ஆசை இல்லை. போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துபோனவனின் குரலாக இருந்தது.

எனக்கு வழி தெரியவில்லை. குழுவில் கேட்டேன். 'அப்பா இறந்துவிட்டார். செயலி அவர் முகத்தைக் கேட்கிறது. வாரிசுகள் என்ன செய்ய முடியும்?'

முதலில் வந்தவர்கள் வருத்தம் சொன்னார்கள். பிறகு விவாதம் தொடங்கியது. அது காயினே இல்லை, சும்மா புள்ளி என்றார் ஒருவர். மதிப்பு வந்தபிறகு பேசுங்கள் என்றார் இன்னொருவர். இறந்துபோனதைக் காயின் கணக்கு இருக்கும் பிளாக்செயினுக்கு யார் சொல்வது, இறப்புச் சான்றிதழை அதில் ஏற்ற முடியுமா என்று இரண்டு பேர் நீளமாக எழுதிக்கொண்டார்கள். நடுவில் ஒருவர், ஒரு புகைப்படம் இருந்தால் போதும், கண் சிமிட்டுகிற மாதிரி, தலை ஆட்டுகிற மாதிரி செய்துதர இப்போது வசதி இருக்கிறது என்று வழியும் சொன்னார். உடனே அது திருட்டா இல்லையா என்ற சண்டை. ஒருவர் எழுதியிருந்தார்: 'சுவாரசியமான கேஸ்.' எத்தனையோ பேர் வீட்டுக் கேள்விக்கு நானும் அப்படி எழுதியிருக்கிறேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தம்பி அந்த யோசனையைப் படித்துவிட்டான் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. மத்தியானம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். "அக்கா, இங்க வா" என்றான். அவன் போனில் என் கல்யாணத்தில் எடுத்த படம் ஒன்று. வெள்ளைச் சட்டையில் அப்பா நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் படத்தில் இருந்தவர் என் கண் முன்னே கண்ணைச் சிமிட்டினார். உதட்டோரம் லேசாக விரிந்தது. இடப்பக்கம் திரும்பினார். வலப்பக்கம் திரும்பினார். மறுபடி நேராகப் பார்த்தார்.

கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு வந்த அம்மா எங்களுக்குப் பின்னால் நின்றதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"யாரு அது?" என்றாள்.

தம்பி போனை மறைக்கப் பார்த்தான். "குடு" என்று வாங்கிக்கொண்டாள். அது ஓடி முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. அம்மா உட்காரவில்லை. துணி தோளிலேயே கிடந்தது.

"உங்கப்பாவுக்கு எங்கடா இப்பிடிக் கழுத்து திரும்புது?"

அப்பாவின் கழுத்து இறுகிப்போய்ப் பல வருடமாயிற்று. யாராவது பக்கத்தில் நின்று கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார். எங்கள் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் எலும்பில் ஏறியிருக்கிறது. அதைப் பற்றி அதே குழுவில் நான் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறேன். பல்லுக்கு நல்லது என்று எழுதிய ஒருவரை விடாமல் துரத்தியிருக்கிறேன்.

"கழுத்தத் திருப்பு, கழுத்தத் திருப்புன்னு அம்பு காட்டுமாம்" என்றாள் அம்மா. "இவுரு ஒடம்போட திரும்புவாரு. மூஞ்சி போனுல தெரியற பொட்டிய வுட்டு வெளிய போயிருமாம். அது ஒத்துக்காது. என்னிய புடிச்சித் திருப்பச் சொன்னாரு ஒருநா. மெதுவாத்தான் திருப்புனேன். வலில கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதோட வேணாம்னுட்டாரு."

"எங்ககிட்ட சொல்லவேயில்லியேம்மா."

"வெளிச்சம் பத்தலன்னு சொல்லிக்கோன்னாரு. கடையில அத்தன பேருக்கும் ஆயிருச்சு, இவுருக்கு மட்டும் ஆவலன்னா என்னான்னு சொல்லுவாரு?"

போனைத் தம்பியிடம் கொடுத்தாள். "இது அவுரு இல்ல. அழிச்சிரு" என்றுவிட்டுத் துணியை மடிக்க உள்ளே போனாள். வெகு நேரம் மடித்துக்கொண்டேயிருந்தாள்.

தம்பி அன்று அழிக்கவில்லை. சாயங்காலம் தோட்டத்துப் பக்கம் போனவன் திரும்பி வந்து அப்பாவின் போனை என்னிடம் நீட்டினான். திரையில் பச்சை டிக். முகம் சரிபார்க்கப்பட்டது, வாழ்த்துகள் என்று வந்திருந்தது. இன்னொரு போனில் அந்தப் படத்தை ஓடவிட்டு இதற்குக் காட்டியிருக்கிறான். ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டதாம்.

"உசிரோட இருந்தவர ஒத்துக்கல, இத ஒத்துக்கிச்சு பாருக்கா" என்றான். அழுவான் என்று நினைத்தேன். அந்தப் படத்தை என் எதிரிலேயே அழித்தான்.

காயினை அவன் எடுக்கவில்லை. கொஞ்ச காலம் அது எடுக்க முடியாமல் பூட்டியிருந்தது. பூட்டுத் திறந்த பிறகும் அவனுக்கு அதைத் தொட மனம் வரவில்லை. அது தப்பு என்று நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. அப்பாவின் போன் ஓசூரில் அவன் அலமாரியில் கிடந்தது. யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. நான் குழுவிலிருந்து விலகினேன். விலகும்போது யாருக்கும் எதுவும் எழுதவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு சாப்பிடுவதற்கு இப்போதெல்லாம் ரொம்ப நேரமாகிறது.

சமீபத்தில் தம்பி, கணக்கையே மூடிவிடலாம் என்று செயலியைத் திறந்திருக்கிறான். அது அப்பாவின் எண்ணுக்கு ஒரு ஓடிபி அனுப்பியது. சிம் செத்துப்போயிருந்ததால் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். ஒரு பெண் எடுத்தாள். தெலுங்கு கலந்த தமிழில், "யாருங்க வேணும்?" என்று கேட்டாளாம். எண் வேறு ஆளுக்குப் போய்விட்டது, அந்த ஓடிபி இல்லாமல் கணக்கைத் திறக்கவோ மூடவோ இனி வழியில்லை.

"என்னடா சொன்ன?" என்று கேட்டேன்.

"தப்பா வந்துருச்சுங்கன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன்."

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். காயின் இனிமேல் இல்லை, எண்ணும் இல்லை என்றேன். தோட்டத்தைப் பக்கத்துக் கன்னடக் குடும்பத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தாள். அவர்கள் பழைய செடிகளைப் பிடுங்கி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அதைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு யாரு, எந்த ஊராம்?" என்றாள்.

"தெரியலம்மா. கேக்கல."

"சரி" என்றாள். பிறகு, "டீக்கடைக்காரருகிட்ட இதச் சொல்லாத. அவுரு இன்னும் அமுக்கிட்டிருக்காரு" என்றாள்.