முப்பத்திரண்டு வாங்கியும் மறந்தது

மலாக்காவிலேயே முதல் கணினியை வாங்க வைத்தவள் நான்தான். சரி, மலாக்கா கொஞ்சம் அதிகம். காஜா பெராங்கில் எங்கள் சந்து என்று குறைத்துக்கொள்ளுங்கள். நாடு சுதந்திரமடைந்து நாற்பதாம் ஆண்டு அது.

பக்கத்து வீட்டுப் பொன்னுதுரை மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர் வழி. வீட்டில் பேச்சு மலாய்; எனக்காகத் தமிழ் கலப்பார். மூதாதையருக்குப் படைக்கும் பார்ச்சு அன்று, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இலை போடுவது அவர் வீட்டு வழக்கம். பெயர் விட்டுப்போனவர் பசியோடு திரும்புவாராம். எல்லாப் பெயரும் தெரிந்தவர் அத்தை தெய்வானை ஒருவரே. அவரோ காலையில் குடித்த காப்பியையே மறக்கத் தொடங்கியிருந்தார்.

பொன்னுதுரைக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். "கணினியில் ஏற்றிடுங்க தம்பி" என்றேன்.

கடையிலிருந்து மூச்சிரைக்க வந்தார்.

"அக்கா, இங்ஙாத்தான் எட்டா, பதினாறா, முப்பத்திரண்டான்னு கேக்கறான்!"

மலாயில் மனிதர் நினைவுக்குச் சொல் இங்ஙாத்தான். கணினியின் மெமரிக்கும் அதே சொல்.

"கடைக்காரன் என்ன சொல்றான்?"

"எட்டே போதுமாம். அவனுக்கென்ன, அவன் பாட்டனா பசியோட போகப்போறான்?"

"அப்ப முப்பத்திரண்டே வாங்கிடுங்க" என்றேன், கரைத்துக் குடித்தவள் போல.

கணினி வந்தது. அத்தை சொல்லச் சொல்ல, பொன்னுதுரை ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு முணுமுணுத்தபடி ஒற்றை விரலால் குத்தினார். கடைசிப் பெயர் ஏறியதும் பேரிடி, மின்சாரம் போயிற்று. திரும்பி வந்தபோது திரையில் ஒன்றுமில்லை.

கடைக்குத் தொலைபேசியில் கத்தினார். அந்த இங்ஙாத்தான், இயந்திரம் ஓடும்வரைதான் நிற்குமாம். நின்றால் எல்லாம் போய்விடுமாம். சேமிக்கிற "சிம்பான்" பொத்தானை அழுத்தினீர்களா என்று கேட்டானாம்.

மறுபடி அத்தையிடம் ஓடினார்.

"எந்தப் பேருடா?" என்றார் அத்தை.

பார்ச்சு வந்தது. இலைகளுக்கு முன் பொன்னுதுரை வந்து நின்றார். முதல் பெயர் வாயில் வந்தது, பின்னாலேயே அடுத்தது. குத்திக் குத்தி ஏற்றியதெல்லாம் அவருக்குள்தான் ஏறியிருக்கிறது. ஒரு பெயர் விடாமல் கூப்பிட்டு முடித்தார்.

இதை எழுதும்போதே எட்டிப் பார்த்துப் படிக்கிறாள் பொன்னுதுரையின் மனைவி ருக்மணி, கிளேபாங்கில் தமிழ் படித்து வளர்ந்தவள்.

"புளுகாதீங்க அக்கா. ஒரு பேரை விட்டுட்டார், அதுவும் சொந்தத் தாத்தா பேரு! அத்தைதான் முதுகுல ஒண்ணு வச்சுச் சொன்னாங்க. அவங்க அப்பா ஆச்சே."