புசல்லாவையில் வேலை, கெலிஓயாவில் வி.பி.என்.

கொழும்பு வெயில் தாங்காமல், ஒரு வாரம் புசல்லாவையில் தங்கி வேலை பார்க்கலாமென்று ஏப்ரலில் கிளம்பினேன். வெளிநாட்டு மருத்துவமனைகளில் தமிழ் நோயாளிகளுக்கு இணையம் வழியே மொழிபெயர்ப்பது என் தொழில். பதிவு செய்த இணைய (ஐ.பி.) முகவரியிலிருந்து வந்தால்தான் எனக்கு வேலை தரும் நிறுவனம் உள்ளே விடும். எங்கிருந்தாலும் ஒரே முகவரியில் வெளிவர வி.பி.என். வேண்டும். சந்தா கட்டும் சேவை ஒன்றில் நிலையான முகவரி வாங்கிப் பதிந்திருந்தேன்.

கண்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் கெலிஓயா. அங்கே தோழி கலைவாணி வீட்டில் இறங்கினேன். புசல்லாவைத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவள். இப்போது கண்டி அலுவலகமொன்றில் கணினிகளைப் பராமரிக்கிறாள். அலுமாரி மேல் ரௌட்டர், உள்ளங்கை அளவுக் கணினி, ஒரு பேட்டரி. அவள் சொந்தமாக நடத்தும் வி.பி.என். அவ்வளவுதான்.

“ரெண்டாவதா என் வீட்டு முகவரியையும் பதிஞ்சு வைங்க அக்கா. வி.பி.என். கம்பெனி முகவரிய உங்க நிறுவனத்துல என்னைக்காவது தடுத்துருவாங்க,” என்றாள். அரை மனதோடுதான் பதிந்தேன். தேநீர் ஆறுவதற்குள் என் மடிக்கணினியில் எல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

கம்பளை தாண்டினால் பாதை வளைந்து ஏறுகிறது. இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். புசல்லாவையில் அறை, மேசை, எதிரே தேயிலை. மறுநாள் பிற்பகல் ஒரு பெண்மணிக்கு அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய உரையாடல். சம்மதம் கேட்கும் நேரம் அது. யாரென்றும் என்ன நோயென்றும் எழுத மாட்டேன். உள்ளே போகப் பார்த்தால், அனுமதி இல்லை. வி.பி.என். கம்பெனி முகவரிகளை அன்று காலைதான் எங்கள் நிறுவனத்தில் மொத்தமாகத் தடுத்திருந்தார்கள்.

கலைவாணியின் இணைப்புக்கு மாறினேன். உடனே திறந்தது. டாக்டர் ஆபத்துகளை விளக்கிக்கொண்டிருக்கையில் தொலைபேசியில் அவளிடமிருந்து ஒரு செய்தி: “இங்க கரண்ட் போயிருச்சு. பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும். பதறாம பேசுங்க.” தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டாக்டர் சொன்னதைத் தொடர்ந்து மொழிபெயர்த்தேன். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டு, யோசித்து, சரியென்றார்.

பயணம் போகிறவர்களுக்கு என் யோசனை: ஹோட்டல் வைஃபையில் பாதுகாப்பும் பல நாட்டு முகவரிகளும் போதுமென்றால் சந்தா சேவையே சுலபம், பராமரிப்பு உங்கள் தலையில் விழாது. உங்களுக்கே உரிய முகவரி வேண்டுமென்றால் சொந்தமாக நடத்துங்கள். ஆனால் அது உங்களை மறைக்காது, முகவரி உங்கள் வீட்டினுடையது. பேட்டரியும், பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் அவசியம்.

அன்று மாலை கலைவாணிக்கு அழைத்தேன். வேலை நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டாள். “ஓம், எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா என்ன கதைச்சதெண்டு உமக்குச் சொல்லேலாது,” என்றேன்.

“சொல்லாதீங்க அக்கா. என் வீட்டு வழியா போனாலும் எனக்குக் கேக்கக் கூடாது. அதுக்குத்தானே இவ்வளவும்.”