ஆள் வராத பாவு

காலை ஐந்தே முக்கால். கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது எங்கள் பாவு தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு முனையில் அப்பா, மறுமுனையில் அம்மா. நடுவில் யாரும் இல்லை.

அருப்புக்கோட்டையில் நாங்கள் இருந்தது நெசவாளர் தெரு. துணிக்கு நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவில் விரித்து, கஞ்சி போட்டு, வெயில் ஏறுமுன் இழை ஒட்டாமல் பிரித்துவிட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற வேலை இல்லை. இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ என்று தெருவே கைகொடுக்கும். அன்று எதிர்வீட்டார் பல் துலக்கியபடி பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். சட்டியில் கஞ்சி ஆறி ஆடை கட்டியது.

காரணம் சித்தப்பா. பகலில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ச் சேவு வாங்கித் தருகிறவர், பொழுது சாய்ந்தால் சாராயத்தைக் குடித்துவிட்டுத் தெருமுனையில் நிற்பார். மில் விட்டு வரும் பெண்களை வழிமறிப்பார். கம்பத்து விளக்கைக் கல்லால் உடைப்பார். பக்கத்து வீட்டு அக்கா அவருக்குப் பயந்தே பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தாள். போலீஸ் கூட்டிப்போய் அடித்து அனுப்பியது. அந்தக் கோபத்தையும் தெருவிடமே காட்டினார். முந்தின வாரம் ஒரு வீட்டுக்காரரோடு சண்டைபோட்டு, அவர் விரித்திருந்த பாவை அரிவாளால் குறுக்கே வெட்டிவிட்டார்.

அப்பா பாவைச் சுருட்டத் தொடங்கியபோது தெருப் பெரியவர் ஒருவர் வந்தார்.

"ஒம் மேல கோவம் இல்ல தம்பி. அவன் இந்தத் தெருவுல இருக்கறவரைக்கும் ஒம் பாவுக்கு ஆளு வராது. எங்க வீட்லயும் பொம்பளப் பிள்ளைக இருக்கு."

அப்பா மீதிப் பாவையும் சுருட்டினார். பாவு ஏறாவிட்டால் தறி ஓடாது, தறி ஓடாவிட்டால் அடுப்பு எரியாது என்பது எட்டு வயதான எனக்கே தெரியும்.

மத்தியானம், விருதுநகர் போய்ப் புரோட்டா சாப்பிடலாம் என்றார் அப்பா. சித்தப்பாவையும் கூப்பிடச் சொன்னார். பிள்ளை கூப்பிட்டால்தான் வருவான் என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. சித்தப்பா குளித்து, எண்ணெய் வைத்துத் தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அம்மா வரவில்லை. பஸ்ஸில் அப்பா இரண்டரை டிக்கெட் வாங்கினார். சித்தப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டரைக் கேலி செய்து பக்கத்தில் இருந்தவர்களைச் சிரிக்க வைத்தார்.

புரோட்டா சாப்பிட்டபின் அப்பா எங்களை ஒரு லாரி செட்டுக்கு அழைத்துப்போனார். அவருக்குத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தார். வடக்கே போகிற லாரி ஒன்று லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டி நின்றது. அப்பா கக்கத்தில் இருந்த மஞ்சள் பையை எடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தார். அவர் பிரித்துப் பார்த்தார். வேட்டி, சட்டை, அவருடைய சீப்பு.

"சீப்பு மொதக்கொண்டு எடுத்து வச்சிருக்காக மதினி," என்று சிரித்தார். "எத்தன நாளைக்குண்ணே?"

அப்பா லாரி டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்லி அனுப்புறேன்."

சித்தப்பா கொஞ்ச நேரம் பையை மடித்து மடித்துப் பிரித்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"லோடு எறக்கிட்டு வாரேன் தாயி."

ஒரு லாரி லோடை இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. திரும்புகிற பஸ்ஸில் பக்கத்து இடத்தில் கையை விரித்து வைத்துக்கொண்டேன். உட்கார வந்த ஒருவரிடம், எங்கள் சித்தப்பா வருவார் என்றேன். அப்பா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒக்காருங்க, யாரும் இல்ல," என்றார் அவரிடம்.

கண்டக்டர் வந்ததும் ஒன்றரை டிக்கெட் வாங்கினார்.