சூடே இல்லாமல் ஏறிய முள்

வாடகை டாக்சி ஓட்டுறவருக்கு வாழ்க்கைப்பட்டவங்க யாராவது இதைப் படிக்கிறீங்களா? அப்படின்னா நான் சொல்லாமலே தெரியும்: இந்தத் தொழிலில் வண்டி ஓட்டுவது ஒருத்தர், வண்டி நின்றால் பேச்சு வாங்குவது இன்னொருத்தர். எண்பதுகளில் எங்களுக்குக் கிளீனர் வைக்க வசதி இல்லை. மடியில் கைக்குழந்தை, காலடியில் தண்ணீர் கேன் என்று முன்சீட்டில் நான்தான் போவேன். ஒரு ஆவணியிலிருந்து, இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் திடீர் திடீரென்று சிவப்புக்கு ஏற ஆரம்பித்தது. கார்த்திகை தீபத்துக்குள் சரியாகாவிட்டால் வண்டியை விற்றுவிட்டு, யாரிடமாவது கூலிக்கு ஓட்டப் போவதாக என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

பெண் பார்க்கப் போன கதை

கீழ்பென்னாத்தூருக்குப் பெண் பார்க்கப் போகிற சவாரி. பாதி வழியில் முள் எகிறியது. ஓரமாக நிறுத்தி, ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். தண்ணீர் விளிம்பு வரை இருந்தது, கொதிக்கவும் இல்லை. கிளம்பினால் ஒரு மைலில் மறுபடி சிவப்பு. நாலாவது தடவை நின்றபோது மாப்பிள்ளையின் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஏம்மா, ராகு காலம் பொறக்கப் போவுதுன்னு அந்த முள்ளுக்கு யாராச்சும் சொன்னீங்களா?"

பாய் ஷெட்டில் சமர்த்து

சூட்டை உணர்ந்து முள்ளுக்குச் சொல்வது, இன்ஜின் தலையில் திருகியிருக்கும் கட்டைவிரல் தண்டி சென்சார். மெக்கானிக் பாஷா பாய் அதை மாற்றினார். பானட்டைத் திறந்து வைத்து அரைமணி நேரம் இன்ஜினை ஓட விட்டார். முள் நடுவில் சமர்த்தாக நின்றது. மூடிக்கொண்டு செங்கம் ரோடு திரும்புவதற்குள் சிவப்பு. அடுத்த தடவை ஒயரையும் சேர்த்து மாற்றினார். அப்பவும் அதே கதை. மூன்றாவது தடவை போய் நின்றதும் பாய் சிரித்துவிட்டார்: "வண்டிக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி, என்னைப் பாக்காம அதால இருக்க முடியல."

ரோடா, முள்ளா

அதன் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதும் என் கண் முள் மேல்தான். அவரோ ரோட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஆசிரமத்துப் பக்கம் குடியிருந்த வெள்ளைக்கார அம்மாவை ஏற்றிக்கொண்டு போனபோது, ஒரு ஆடு மயிரிழையில் தப்பியது. அந்த அம்மா பின்சீட்டிலிருந்து எட்டி அவர் தோளைத் தட்டினார்: "தம்பி, நீ ரோடு பாரு. முள் நான் பாக்குது."

மூடினால் ஏறுது

தீபத்துக்குப் பத்து நாள் இருந்தது. இனி இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணும் என்றார் பாய். இறக்கினால் தீபச் சவாரி அத்தனையும் போச்சு. வேங்கிக்காலிலிருந்து ஒருத்தர் வண்டியை விலைக்குப் பார்க்க வருவதாகப் பேச்சு முடிந்துவிட்டது. அந்த ஆள் வர வேண்டிய அன்று காலை குழந்தைக்கு உடுப்பு மாட்டும்போது எனக்குத் தோன்றியது: திறந்து வைத்தால் ஏறுவதே இல்லை, மூடினால்தானே ஏறுது? அவரை உள்ளே உட்காரவைத்து இன்ஜினை ஓடவிடச் சொன்னேன். பானட்டை மெதுவாக இறக்கினேன். "ஏறுதுடி" என்றார். தூக்கினேன். "இறங்கிடுச்சு."

குனிந்து பார்த்தேன். பானட்டின் அடியில் ஒரு செப்புத் தகடு, செப்புக் கம்பியில் தொங்கியது. கடைசி ஆடி வெள்ளியில் கண்ணு படக்கூடாதென்று மந்திரித்து வாங்கி, அவருக்கும் சொல்லாமல் நான் கட்டியது. மூடினால் அது நேராகச் சென்சார் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒயரில் வரும் கரண்டு தகடு வழியாகப் பானட்டுக்குப் பாய்ந்துவிட, முள் அதைச் சூடென்று நினைத்து ஏறிவிடுகிறது. செம்பில் மின்சாரம் பாயும் என்று நான் எட்டாம் வகுப்பிலேயே படித்தவள்.

தகட்டை அவிழ்த்தேன். முள் நடுவிலேயே நின்றது. வண்டி பார்க்க வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, நேராகப் பாயிடம் போனோம்.

"தகட்டை நான் மொத நாளே பாத்தேன் தங்கச்சி. உங்க சாமி சமாச்சாரமாச்சே, நாம கை வைக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்" என்றார்.

மூணு மாசம் வண்டியைப் படுத்தி எடுத்த கண்ணு வேறு யாருடையதும் இல்லை, என்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாய் பின்னாலேயே வந்தார்: "தங்கச்சி, ஸ்டாண்டுல இன்னும் ஆறு வண்டி நிக்குது. அதுங்களுக்கும் ஆளுக்கொரு தகடு கட்டி விடும்மா, என் பொழப்பும் ஓடட்டும்."